சாத்திய கதவும் அணைத்த செல்போனும்

சிவனணைந்தபெருமாளின் துப்பறியும் நிலையத்துக்குப் படியேறி வருகிறவர்களில் பெரும்பாலோர் பெண்ணைப் பெற்றவர்கள். மாப்பிள்ளை குடிப்பாரா, சொன்ன சம்பளம் நிஜம்தானா என்று விசாரிக்கச் சொல்வார்கள். கல்யாணம் முடிந்தபிறகு வருகிறவர்கள் குறைவு. அதனால் அந்தச் சனிக்கிழமை மத்தியானம் ஒரு புதுப்பெண் தனியாகத் தென்காசி பஜாரில் ஆட்டோவை விட்டு இறங்கி மேலே வந்தபோது, உதவியாளர் வேல்விழிக்கு உற்சாகம் தாங்கவில்லை. வேல்விழி முன்பு செல்போன் பழுதுபார்க்கும் கடையில் இருந்தவள். ஊரில் பாதிப்பேருடைய வண்டவாளம் போனுக்குள்தான் இருக்கிறது என்பது அவள் கட்சி.

வந்தவள் பெயர் குழல்வாய்மொழி. வாசுதேவநல்லூரில் பிறந்து குற்றாலத்தில் வாழ்க்கைப்பட்டவள்.

“எங்க வீட்டுக்காரவுக ஆன்லைன்ல ரம்மி ஆடுதாகளோன்னு சந்தேகமா இருக்கு, அண்ணாச்சி,” என்றாள். “அப்படின்னா நான் இன்னைக்கே எங்க அப்பாகூடப் போயிருவேன். அப்பா கார்ல வந்துகிட்டு இருக்காக. இல்லன்னா இருந்துக்கிடுவேன். எதுன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்.”

சிவனணைந்தபெருமாள் ராயகிரிக்காரர், போலீசில் இருந்து ஓய்வுபெற்றவர். அவசரம் என்றால் அவருக்கு ஆகாது. “மொதல்ல தண்ணி குடிம்மா. அப்புறம் ஒண்ணொண்ணா சொல்லு,” என்றார்.

அவள் சொன்னாள். கணவன் சிவசைலம் நல்ல மாதிரி. ஆனால் மாதத்தில் ஒன்றிரண்டு சனிக்கிழமை, மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் லேப்டாப்போடு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வான். போகுமுன் செல்போனை அணைத்துக் கூடத்தில் ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிடுவான். உள்ளே கொஞ்சநேரம் பிரின்டர் ஓடும். பிறகு இரண்டு மணிநேரத்துக்கு ஒரு சத்தமும் இராது. கேட்டால் ஆபீஸ் வேலை என்பான். கூட வேலைபார்க்கும் மீனாவிடம் விசாரித்தால், சனிக்கிழமை வேலையே கிடையாது என்கிறாள்.

“வெளிய வந்தபிறகு லேப்டாப்பையே பாத்துகிட்டு இருப்பாக. சில நாள் சிரிச்சுகிட்டு அல்வா வாங்கிட்டு வருவாக. சில நாள் ராத்திரி சாப்பிடவே மாட்டாக. இப்ப மூணு மாசமா ஒரே அழுகை முகம்.”

“ஜெயிச்சா அல்வா, தோத்தா பட்டினி,” என்றாள் வேல்விழி. “இதுக்கு மேல என்ன சாட்சி வேணும் அண்ணாச்சி?”

“எதுக்கு இவ்வளவு பயப்படுதே?” என்று பெருமாள் குழல்வாய்மொழியைக் கேட்டார். “ஆடுறவன் வீட்டை முன்னாலயே பாத்திருக்கியா?”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். சிவசைலத்தின் அண்ணன் முத்துகுமரன் ரம்மியில் குடும்பச் சொத்தைத் தொலைத்துவிட்டு ஊரைவிட்டே போனவன். இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. அது தெரிந்தும் நம்பித்தான் அவளுடைய அப்பா பெண் கொடுத்தார்.

“கதவைச் சாத்தியிருக்கையில வழக்கத்துக்கு மாறா என்னைக்காவது ஏதாவது நடந்துதா?”

“போன மாசம் சாரல் பலமா அடிச்சு, கரண்ட் போயிட்டுது. அவுக வெளிய வரவே இல்ல. ரொம்ப நேரங்கழிச்சு வந்தாக. போனைக் கையில எடுத்து ஒரு நிமிசம் பாத்தாக. திரும்ப அங்கனயே வச்சுட்டு, லேப்டாப்பைத் துண்டுல சுத்திகிட்டு மழையோட மழையா ஓடினாக. தெருக்கோடியில லாட்ஜ்ல ஜெனரேட்டர் உண்டு, நெட்டும் ஓடும். அங்க போயிட்டு நனைஞ்சு வந்தாக. என்ன அவசரம்னு கேட்டதுக்கும் ஆபீஸ் வேலைன்னுட்டாக.” அவள் ஒரு காகிதப் பொட்டலத்தைப் பிரித்தாள். “அந்த ரூமைப் பெருக்கும்போதெல்லாம் இது கிடக்கும். என்ன மருந்தோ, என்ன இழவோ.”

பொட்டலத்தில் கறுப்பாகச் சுருள்சுருளாய் ஏதோ தூள். வேல்விழி முகர்ந்து பார்த்துவிட்டுப் புகையிலை என்றாள். பெருமாள் விரலில் எடுத்து உருட்டினார். அவர் முகம் தெளிந்துவிட்டதை வேல்விழி கவனித்தாள். விடை கிடைத்துவிட்டது என்று அவரோடு பழகினவர்களுக்கு அதிலேயே தெரியும்.

“இப்ப உன் வீட்டுக்காரர் எங்கன?”

“கதவைச் சாத்தினதும்தான் கிளம்பி வந்தேன்.”

“அப்ப எந்திரி. நேரம் இருக்கு.”

மூவரும் குற்றாலம் போய்ச் சேர்ந்தபோது, குழல்வாய்மொழியின் அப்பா அருமைநாயகம் கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தார். அறைக்கதவு சாத்தியிருந்தது. ஃபிரிட்ஜ் மேல் செல்போன் கிடந்தது.

“கதவை உடைக்கப் போறேன்,” என்றார் அருமைநாயகம். “அண்ணன்காரன் புத்தி தம்பிக்கும் வந்துட்டுது.”

“உடைச்சா ஒரு நல்ல மனுசனுக்கு நஷ்டம்,” என்று தணிந்த குரலில் சொன்னார் பெருமாள். “அதுக்கு முன்னால ஒரு சின்னச் சோதனை பண்ணுவோம். இந்த வீட்டு மோடம் எது?”

குழல்வாய்மொழி காட்டினாள். பெருமாள் அதன் பிளக்கைச் சத்தமில்லாமல் பிடுங்கினார். அதன் சின்ன விளக்குகள் அணைந்தன. அருமைநாயகத்தை நாற்காலியில் உட்காரவைத்து, தானும் எதிரே உட்கார்ந்தார்.

“உள்ள இருக்கிறவர் ரம்மி ஆடினா, இந்நேரம் ஆட்டம் பாதியில நின்னிருக்கும். கையில சீட்டு, மேசையில பணம். சூதாடி அதைப் பொறுப்பானா? கதவைப் பிச்சுகிட்டு ஓடி வருவான். பாப்போம்.”

எல்லோரும் கதவையே பார்த்தார்கள். வெளியே சாரல் தூறிக்கொண்டிருந்தது. அடுப்படியில் பால் காய்ந்து, குழல்வாய்மொழி போய் இறக்கிவைத்துவிட்டு வந்தாள். கதவு திறக்கவில்லை. உள்ளே நாற்காலி நகரும் சத்தம்கூடக் கேட்கவில்லை. அருமைநாயகத்தின் தோள் மெல்லத் தளர்ந்தது.

“இதைத்தான் நீயே சொன்னே,” என்றார் பெருமாள் அவளிடம். “கரண்ட் போய் நெட்டும் போன அன்னைக்கு அவர் அசையல. கடைசியிலதான் ஓடினார். ஆக, அவருக்கு நெட் வேண்டியது ஆரம்பத்துல ஒரு தடவை, முடிவுல ஒரு தடவை. நடுவுல வேண்டாம். அப்படிச் சூதாட்டம் எங்கயும் கிடையாது.”

“அப்ப நடுவுல என்ன செய்தாரு?” என்றாள் வேல்விழி.

“பென்சிலால எழுதி எழுதி அழிச்சார். நீ புகையிலைன்னு சொன்னது ரப்பர்த்தூள்டி. பள்ளிக்கூடத்துல எவ்வளவு ஊதித் தள்ளியிருப்பே. ஆரம்பத்துல பிரின்டர் ஓடுது, அப்புறம் பென்சில், கடைசியில விடையை அனுப்பணும். நேரக்கெடு உண்டு, இல்லன்னா மழையில ஓட வேண்டாம். பரீட்சையா இருந்தா மறைக்க மாட்டார், பெருமையாச் சொல்லுவார். மறைக்கிறதுனால இது விளையாட்டு. ஆன்லைன்ல புதிர்ப் போட்டி நடத்துதாங்க. கட்டம் போட்டு எண்ணை நிரப்புறது, கோடு இழுத்து வழி கண்டுபிடிக்கிறது, எல்லாம் மூளைக்கு வேலை. சனி ஞாயிறுல நாம தொடங்குற நேரத்துல இருந்து கடிகாரம் ஓடும். காசு கிடையாது, இடம்தான். ரிட்டயர் ஆன எங்க ஆளுக ரெண்டு பேர் இதுல பைத்தியம்.”

“சரி, அந்தப் போன்?” என்றாள் வேல்விழி விடாமல். “கரண்ட் போன அன்னைக்குப் போன்ல இருந்தே நெட் எடுத்து அனுப்பியிருக்கலாமே. கையில எடுத்துட்டு ஏன் வைக்கணும்?”

பெருமாள் அருமைநாயகத்தின் பக்கம் திரும்பினார். “அதை நீங்கதான் சொல்லணும். பொண்ணு குடுக்கிறதுக்கு முன்னால மாப்பிள்ளைகிட்ட சத்தியம் ஏதும் வாங்குனீகளா?”

அருமைநாயகம் விழித்தார். “ஆமா. குற்றாலநாதர் சன்னதியில வச்சு வாங்குனேன். போனைத் தொட்டு எந்த ஆட்டமும் ஆடமாட்டேன்னு.”

“அதை அவர் அட்சரம் பிசகாமக் காப்பாத்துதாரு. விளையாடுற நேரத்துக்குப் போனை அணைச்சு வெளிய வைக்காரு. தோத்தாலும் பரவாயில்லன்னு மழையில ஓடினாரே தவிர, அதைத் தொடல. நீங்க சந்தேகப்பட்ட போன்தான் அவருக்குச் சாட்சி.” அவர் எழுந்து மோடத்தின் பிளக்கைத் திரும்பச் சொருகினார். “இதைப் போட்டுருவோம். இல்லன்னா அந்தப் பாவம் நமக்கு. ஒரே ஒரு முடிச்சுதான் எனக்கு அவிழல. அல்வாவும் பட்டினியும். காசில்லாத ஆட்டத்துல தோத்ததுக்கு ஒரு மனுசன் மூணு மாசம் அழமாட்டான்.”

குழல்வாய்மொழிக்கு உடம்பே லேசாகிவிட்டது. அப்படியே சுவரில் சாய்ந்துகொண்டாள். அப்பாவைப் பார்க்க வெட்கமாக இருந்தது, சிரிப்பும் வந்தது.

கொஞ்சநேரத்தில் கதவு திறந்தது. கூடம் நிறைய ஆட்களைப் பார்த்த சிவசைலம் காதில் சொருகிய பென்சிலோடு அப்படியே நின்றான். மேசையில் கட்டம் கட்டமாய் அச்சடித்த தாள்கள் பரந்துகிடந்தன.

“புதிர்ப் போட்டிதானே?” என்றார் பெருமாள்.

அவன் தலையாட்டினான்.

“அதைச் சொன்னா நான் என்ன கழுவிலயா ஏத்தப்போறேன்?” என்றாள் குழல்வாய்மொழி. இப்போதுதான் அவளுக்குக் கோபம் வந்தது. “ஆபீஸ் வேலைன்னு ஏன் பொய் சொன்னீக?”

“பனைமரத்தடியில பால் குடிச்சாலும் கள்ளுன்னுதான சொல்லுவாக,” என்றான் சிவசைலம். “எங்க வீட்டுல இருந்து ஆன்லைன் போட்டின்னு ஒரு வார்த்தை வந்தா யாரு நம்புவா? பொய் சொன்னது தப்புதான். ஆனா விடவும் முடியல. இதை எனக்குப் பழக்கினதே அண்ணன்தான். அவன் சீட்டுக்குப் போறதுக்கு முன்னால ரெண்டு பேரும் இதைத்தான் போடுவோம்.” அவன் காதில் இருந்த பென்சிலை எடுத்து மேசையில் வைத்தான். “ஊரைவிட்டுப் போனபிறகும் போட்டியை மட்டும் அவன் விடல. முடிவுப் பட்டியல்ல அவன் பேர் வரும், முன்னால பதிஞ்ச பழைய ஊர்ப்பேரோட. அவன் கணக்கு, அவன் மட்டுந்தான் திறக்க முடியும். எங்க இருக்கான்னு தெரியாது. ஆனா பேர் வந்தா உயிரோட இருக்கான்னு அர்த்தம். சேதி அனுப்பினா ஒதுங்கிருவானோன்னு பயந்து நான் ஒண்ணும் எழுதல. மூணு மாசமா அந்தப் பேர் வரல.”

பெருமாள் தன் முடிச்சு அவிழ்ந்ததற்கு மகிழவில்லை. அவர் அருமைநாயகத்தைப் பார்த்தார். அருமைநாயகம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னைக்குப் பட்டியல் பாத்தாச்சா?” என்றாள் குழல்வாய்மொழி.

“இல்ல. விடையை அனுப்பிட்டேன். தொறக்க மனசு வரல.”

“தள்ளுங்க.” அவள் லேப்டாப் முன்னால் உட்கார்ந்தாள். எதை அழுத்த வேண்டும் என்று அவன் காட்டினான். இதுவரை முடித்தவர்களின் பெயர்கள் வந்தன. அவள் விரலை ஒவ்வொரு வரியாக நகர்த்தி வாய்க்குள் படித்துக்கொண்டே போனாள். சிவசைலம் திரையைப் பார்க்காமல் அவள் முகத்தையே பார்த்தான். விரல் நின்றது.

“முத்துகுமரன், தென்காசி,” என்றாள். “நீங்க இதுக்குக் கீழ இருக்கீக.”

சிவசைலம் தரையிலேயே உட்கார்ந்து விம்மி அழுதான். அருமைநாயகம் எழுந்து வந்து கண்ணாடியைச் சரிசெய்து திரையைக் கிட்டத்தில் பார்த்தார். அந்தப் பெயரைத் தன் முன்னால் யாரும் சொல்லக்கூடாது என்று விலக்கிவைத்திருந்த மனுஷர் அவர்.

“இவ்வளவு யோசிச்சிருக்கான்னா, வயித்துக்குச் சாப்பிட்டுத்தான் உக்காந்திருப்பான்,” என்றார்.

“அப்பா, நீங்க காப்பி குடிச்சுட்டுக் கிளம்புங்க,” என்றாள் குழல்வாய்மொழி, திரையிலிருந்து விரலை எடுக்காமல். “நான் வரல. அடுத்த போட்டியில பெரியத்தான் பேரை நான்தான் பாக்கணும்.”