பாட்டு இல்லாமல் ஒரு சுற்று

“மாட்டேன் சார். இந்த அட்டையை நான் படிக்க மாட்டேன்.”

“ஏன், எழுத்து தெரியலையா?”

“தெரியுது சார். அதனாலதான் மாட்டேங்கறேன்.”

ஓவிய ஆசிரியர் வேங்கடேசன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோபம் வந்தால் அவர் கண்ணாடியைத் துடைப்பார் என்பது ஏழாம் வகுப்புக்கே தெரியும். ரோஜாவுக்கும் தெரியும். ஆனாலும் அவள் நகரவில்லை.

திண்டிவனத்தில் இருந்த அந்தப் பள்ளியின் ஓவிய அறையில் வெள்ளை வெளேரென்று இரண்டு சிலைகள் நின்றன. எப்போதோ கப்பலில் வந்தவை. கிரேக்கர்கள் சொன்ன கதையை ரோமானியர்கள் கல்லில் செதுக்கினார்கள். அந்தக் கல்லிலிருந்து அச்சு எடுத்து, மாவு ஊற்றிச் செய்த நகல்கள் இவை. கை ஒடிந்தால் மாவுக்கட்டு போடுகிறார்களே, அதே வெள்ளை மாவுதான்.

ஒரு சிலை, யாழ் ஏந்திய அப்போலோ. கிரேக்கர்களின் இசைக் கடவுள். இன்னொன்று மர்சியாஸ். காட்டில் குழல் ஊதித் திரிந்தவன். அவனுடைய கைகள் தலைக்கு மேலே மரத்தோடு கட்டப்பட்டிருந்தன.

நாளை பள்ளியில் கண்காட்சி. அப்போலோவின் பக்கத்தில் நின்று கதை சொல்லப்போவது இனியவன். மர்சியாஸின் பக்கத்தில் ரோஜா. அவள் பெயரை அறிவித்த நாளிலிருந்து வீட்டுக்குப் போகும் கிளியனூர் பேருந்து அவளுக்குப் பேருந்தாகவே தெரியவில்லை. ஜன்னலுக்கு வெளியே ஓடிய சவுக்குத் தோப்புகளுக்குள் மர்சியாஸ் ஊதிக்கொண்டே போனான். இரண்டு முறை நிறுத்தத்தைத் தவறவிட்டுத் திட்டு வாங்கினாள்.

இன்று பார்த்தால், சிலையின் காலடியில் இந்த அட்டை: ‘கர்வம் பிடித்துக் கடவுளோடு போட்டியிட்டவன் பெற்ற தண்டனை.’

“அவன் கர்வம் புடிச்சவன் இல்ல சார்” என்றாள் ரோஜா.

“தோத்தானா இல்லையா?” இனியவன் குறுக்கே வந்தான். “தோத்தான், தோலை உரிச்சிட்டாங்க. கதை அவ்ளோதான். ஜல்தியா படிச்சிட்டுப் போவியா, சும்மா வம்பு பண்ணிக்கினு!”

“எப்படித் தோத்தான்னு சொல்லுடா.”

“மொதல்ல ரெண்டு பேரும் வாசிச்சாங்க. சமமா இருந்துச்சு. அப்புறம் அப்போலோ யாழ் வாசிச்சிக்கினே பாடுனாரு. மர்சியாஸால முடியல.”

“நடுவர் யாரு?”

இனியவன் தலையைச் சொறிந்தான். “அப்போலோகூட எப்பவும் பாடற தேவதைங்க.”

“அவரு ஆளுங்களேவா! நல்லா இருக்கே நியாயம்.”

“ரோஜா!” என்றார் சார். “அட்டையில இருக்கறதைப் படி. இல்லன்னா ரெண்டு சிலைக்கும் இனியவனே நிக்கட்டும்.”

தோரணம் ஒட்டிக்கொண்டிருந்த பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள்.

“அவங்கப்பா கிளாரினெட் ஊதறவரு சார். அதான் குழல்காரனுக்கு சப்போர்ட்டு” என்றான் இனியவன்.

“ஆமாடா, பேண்டு செட்டுலதான் ஊதறாரு. இப்பகூட விழுப்புரத்துல ஒரு கல்யாணத்துல ஊதிக்கினு இருப்பாரு. அதுக்கு இன்னா இப்போ?”

சொல்லும்போதே அப்பாவின் முகம் கண்ணுக்குள் வந்தது. ஊதும்போது கன்னம் இரண்டும் பூரி மாதிரி உப்பும். அந்த நேரத்தில், “டீ வேணுமாப்பா?” என்று கேட்டால் பதில் வராது. புருவம் மட்டும் மேலே போகும்.

ரோஜாவின் கண்கள் பளிச்சென்றன.

கண்காட்சிக்காக அவள் கொண்டு வந்திருந்த மூங்கில் குழல் மேசைமேல் கிடந்தது. எடுத்து நீட்டினாள்.

“இனியவா, ஊது.”

அவன் ஊதினான். சுமாராக வந்தது.

“இப்போ ஊதிக்கினே பாடு.”

“இன்னா பாட்டு?”

“எதுனாச்சும். தேசிய கீதம் மட்டும் வேணாம். எல்லாரும் எழுந்து நிக்கணும்.”

இனியவன் மூச்சை இழுத்தான். “ஃபூ... ம்ப்... ஃபுர்ர்ர்!” எச்சில்தான் தெறித்தது. அறையே சிரித்தது.

“குடு இங்க” என்றார் வேங்கடேசன் சார். குழலைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு வாயில் வைத்தார். முகம் சிவந்தது. எருமைக்கு விக்கல் எடுத்தது போல ஒரு சத்தம் வந்தது. பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

“குழல் ஊதறவனுக்கு வாய் ஒண்ணுதானே சார்?” என்றாள் ரோஜா. “அதுவும் குழல்ல மாட்டிக்கினு இருக்கு. யாழுக்குக் கை போதும், வாய் சும்மாதான் இருக்கும். வாசிக்கற போட்டின்னு ஆரம்பிச்சிட்டு, பாதியில பாட்டைச் சேர்த்தா அது கள்ளாட்டம் சார். அவன் தோக்கல.”

சார் மறுபடியும் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை. கையில் வைத்துக்கொண்டு மர்சியாஸின் கட்டிய கைகளையே பார்த்தார். பிறகு குனிந்து அட்டையை எடுத்துத் திருப்பினார். பின்பக்கம் காலியாக இருந்தது.

“நீயே எழுது. பிழை இருந்துச்சு, கண்ணாடியைத் துடைப்பேன்!”

ரோஜா பெரிய எழுத்தில் எழுதினாள்: ‘மர்சியாஸ். கடவுளையே போட்டிக்குக் கூப்பிட்டவன். பாட்டைச் சேர்க்கும்வரை தோற்காதவன்.’

இனியவன் அதை இரண்டு முறை படித்தான். “அப்போ என் அட்டையில நான் இன்னா எழுதறது?”

“இரு, உங்க ஆளையே கேக்கலாம்.”

குழலை மர்சியாஸின் காலடியில் வைத்துவிட்டு ரோஜா அப்போலோவின் எதிரே போய் நின்றாள். அழகான வெள்ளை முகம். பாட ஆரம்பிப்பது போல உதடுகள் லேசாகத் திறந்திருந்தன. அவள் இடுப்பில் கை வைத்து அண்ணாந்து பார்த்தாள்.

“அண்ணே, நீ நல்லாத்தான் வாசிப்ப, இல்லன்னு சொல்லல. ஆனா ஒரே ஒரு தடவை, வாயை மூடிக்கினு வாசிச்சுக் காட்டுண்ணே.”