வீடு பார்க்க வந்தவர்கள்

இதில் வருவது எல்லாம் சொல்லுக்குச் சொல் உண்மை. புனித அந்தோனியார் மேல் சத்தியம். அவர் போதாது என்பவர்களுக்காகத் தேயிலை மலை முனியாண்டி மேலும் சத்தியம். இரண்டு பேரையும் ஒரே நாளில் பகைத்துக்கொள்ள யாருக்கும் தைரியம் வராது.

பொகவந்தலாவைப் பக்கம் குருவிமலைத் தோட்டத்தில் றோலண்ட் கணக்கப்பிள்ளையின் வீட்டைப் பார்க்க வந்த முதல் குடும்பம் புறப்பட்டுப் போன பிறகு, வாசற்படியில் ஒரு ஜோடி செருப்பு மிஞ்சிக் கிடந்தது. ஆண்பிள்ளைச் செருப்பு. குதிகால் தேய்ந்து, செம்மண் ஈரத்தோடு இருந்தது. வேன் ஏறிப் போனவர்களில் எவரும் வெறுங்காலோடு போகவில்லை. றோலண்ட் அதைப் பார்த்தார், காலால் சுவரோரம் தள்ளிவிட்டார், உள்ளே போய்த் தேநீருக்கு அடுப்பில் கேத்தலை வைத்தார்.

அந்த நாட்களில் அவருக்கு எதுவும் உறைப்பதில்லை. சித்திரையில் அவருடைய சம்சாரம் சிசிலி போய்ச் சேர்ந்தாள். பெட்டியைக் குழியில் இறக்கும்போதுகூட மழை வருமா வராதா என்று மலை உச்சியைப் பார்த்துக்கொண்டு நின்றவர் அவர். கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை, பிறகும் வரவில்லை. நெஞ்சில் சளி மட்டும் வந்தது. இன்னொரு மார்கழியை இந்தக் குளிரில் தாங்க மாட்டீர்கள், வெயிலுள்ள ஊருக்குப் போங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மன்னாரில் கட்டிக்கொடுத்த மகள் ஷிராணி, “வித்துட்டு வந்துருங்கப்பா” என்று தினமும் போனில் சொன்னாள். வீட்டை விற்றால்தான் அவள் வீட்டோடு அவருக்கு ஓர் அறை எழும்பும். விற்காவிட்டால் சிசிலிக்குப் பக்கத்தில் இருக்கிற இடம்தான் அவருக்கு.

ஆகவே வாசல் படலையில் பலகை தொங்கவிட்டார். வீடு விற்பனைக்கு. தரகர் வேண்டாம். அதையே சிங்களத்திலும் எழுதினார்.

கடைத்தெருவில் தேநீர்க் கடையில் தரகர் அழகுமுத்து அவரைப் பிடித்துக்கொண்டார்.

“போர்டு போட்டிருக்கீங்களாம்ல? என் வயித்துல நல்லாத்தான் அடிக்கிறீங்க ஐயா.”

“நாலு பேர உள்ள விடுறதுக்கு ஒனக்கு எதுக்குப்பா கமிஷன்? ஆயுசு பூரா பெரட்டுல ஆள் எண்ணுனவன் நானு. எனக்குத் தெரியாதா?”

“ஆள கூட்டிட்டு வர்றதுக்கா கமிஷன் வாங்குறேன்? திரும்பக் கூட்டிட்டுப் போறதுக்குங்க.”

கடையே சிரித்தது. சிரிக்க வேண்டிய இடம் என்று தெரிந்ததால் றோலண்டும் சிரித்தார்.

காலைப் பெரட்டில் வேலைக்கு வந்து நிற்கிறவர்களை எண்ணிப் பேர் போடுவதுதான் கணக்கப்பிள்ளையின் வேலை. சாயங்காலம் கொழுந்தை நிறுப்பார்களே தவிர ஆளை எண்ண மாட்டார்கள். ஆள் எங்கே போகும், குடியிருக்கிற லயத்துக்குத்தானே போகும்? அந்தப் பழக்கம் அவரை விடவில்லை. வீடு பார்க்க வந்தவர்களை வாசலில் நின்று ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒழுங்காக எண்ணி உள்ளே விட்டார். பிறகு, “உள்ள போய்ப் பாருங்க, பாத்துட்டு நீங்களே கெளம்புங்க” என்று சொல்லிவிட்டு அடுப்படியில் போய்க் குந்தி, மரத்துப் போன கைகளை நெருப்பில் காட்டிக்கொண்டிருந்தார். போகிறவர்களை அவர் எண்ணவில்லை.

அட்டனிலிருந்து வந்தார்கள், நானுஓயாவிலிருந்து வந்தார்கள், ஒரு நாள் நோட்டன் பிரிட்ஜிலிருந்து ஒரு முழுக் குடும்பமும் மாமியாரோடு வந்தது. வந்தவர்கள் போனார்கள். பின்னேரங்களில் தேயிலைச் செடிகளுக்கு மேலாக மூடுபனி உருண்டு வந்து ஜன்னல் கண்ணாடியை வெள்ளையடித்துவிட்டுப் போகும்போது, தகரக் கூரையில் சொட்டுகிற தண்ணீருக்கும் அடுப்பில் வெடிக்கிற ஈர விறகுக்கும் நடுவே, சிசிலி படுத்திருந்த அறையிலிருந்து, நனைந்த கம்பளி வாடையோடும் யாருடையது என்று தெரியாத தலையெண்ணெய் வாடையோடும், மெல்லிய பேச்சுக் குரல்கள் வரத் தொடங்கின.

“ஹால் சின்னதுதான்.”

“இந்தச் செவத்த ஒடச்சிரலாம்.”

“வெளிச்சம் பத்தாது.”

வீட்டைப் பற்றித்தானே பேசுகிறார்கள், பேசட்டும் என்று றோலண்ட் ரொட்டியைத் திருப்பிப் போட்டார். வாசற்படியில் செருப்புகள் கூடின.

ஒரு நாள் எழுந்து போய்ப் பார்த்தார். பழுப்புக் கம்பளிச் சட்டை போட்ட ஒருவர் அறை நடுவில் நின்று கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அலமாரிக்குப் பக்கத்தில் ஒரு பெண். கதவுக்குப் பின்னால் யாரோ. எல்லாரும் அண்ணாந்து பார்த்தபடி.

“இன்னும் பாக்குறீங்களா?” என்று கேட்டார் றோலண்ட்.

“ஆமாங்க. அவசரம் ஒண்ணும் இல்லையே?” என்றார் கம்பளிச் சட்டைக்காரர். தலையைத் தாழ்த்தவில்லை.

“இல்லைங்க” என்று சொல்லிவிட்டுத் திரும்பினார். பயப்பட வேண்டும் என்று அவருக்குத் தெரிந்தது. எங்கே வைத்தோம் என்று தேடுகிற மாதிரி அந்தப் பயத்தை உள்ளே தேடிப் பார்த்தார். அது பிறகுதான் வந்தது, படுக்கப் போனபோது. கட்டிலைச் சுற்றி நின்று கட்டில் போடுவதற்கு இந்த இடம் சரிதானா என்று அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தபோது.

காலையில் அழகுமுத்துவுக்குப் போன் போட்டார்.

“கமிஷன் தர்றேன். வந்து இவங்கள கூட்டிட்டுப் போப்பா.”

அழகுமுத்து வந்தார். படலையைத் தாண்டவில்லை. வாசற்படியைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். குடையை மார்போடு அணைத்துக்கொண்டார்.

“நான் கூட்டிட்டு வந்த ஆளத்தான் நான் கூட்டிட்டுப் போக முடியும் ஐயா. நீங்க வெளிய வாங்க. இப்பவே. அப்படியே வாங்க.”

“வீடு?”

“வீடு கெடக்கட்டும்.”

வீடு கிடந்தால் மன்னாரில் அறை ஏது? றோலண்ட் படியைப் பார்த்தார். அத்தனை செருப்புகளில் தன்னுடையது எது என்று தெரியவில்லை. “ஒருத்தர் வாங்குறேன்னு சொல்லிட்டா போதும்ப்பா” என்றார். அழகுமுத்து மலை இறங்குகிற சத்தம் கேட்டது. ஓடித்தான் இறங்கினார்.

மறுநாள் கார் ஒன்று வந்தது. இளம் கணவன் மனைவி, மதுரன், தனுஜா என்று வாசலில் நின்று பேர் சொன்னார்கள். றோலண்ட் அடுப்படியிலிருந்து எழுந்தார். எழ நேரம் பிடித்தது. அதற்குள் கதவு திறந்துவிட்டது.

“வாங்க வாங்க” என்றார் கம்பளிச் சட்டைக்காரர். “நாந்தான் றோலண்ட்.”

ஹாலைக் காட்டினார். தண்ணீர் வருகிற குழாயைக் காட்டினார். அறையைக் காட்டினார்.

“இங்கதாங்க என் சம்சாரம் சிசிலி போனா” என்று சொல்லி அழுதார். நன்றாக அழுதார். தோள் குலுங்க, மூக்கு ஒழுக. தனுஜாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சுவரோரம் நின்ற றோலண்ட் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். இப்படித்தான் அழ வேண்டுமாக்கும் என்று நினைத்தார்.

“எங்களுக்குப் புடிச்சிருக்குங்க” என்றான் மதுரன்.

றோலண்ட் வாயைத் திறந்தார். குரல் இல்லை. அன்று அலமாரிப் பக்கம் நின்ற பெண் அவருக்காகக் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.

போன் அடித்தது. கம்பளிச் சட்டைக்காரர் எடுத்தார்.

“சொல்லு மகள். வித்தாச்சும்மா. அப்பா வந்துர்றேன்.”

பையைத் தூக்கிக்கொண்டு வெயிலுள்ள ஊருக்குப் போனார்.

புது ஆட்கள் குடிவந்தார்கள். பால் பொங்கியது. சாமான்கள் வந்தன. தனுஜா லட்சுமி படத்தைக் கையில் வைத்துக்கொண்டு சுவரை மேலும் கீழும் பார்த்தாள்.

“இங்க?”

“இன்னும் கொஞ்சம் மேல.”

“இங்க?”

“ஆங். அங்கயே.”

மதுரன் ஆணியை, சுவரோடு சுவராக நின்ற றோலண்டின் நெற்றியில் வைத்தான். சுத்தியலை ஓங்கினான். ஒரு அடி. இன்னொரு அடி. ஆணி இறங்கியது. வலிக்கவில்லை. படம் நேராகத்தான் தொங்குகிறதா என்று இருவரும் தள்ளி நின்று பார்த்தார்கள். படத்துக்குப் பின்னாலிருந்து அவர் பார்த்தார்.

குருவிமலைத் தோட்டத்தில் லயம் முதல் பங்களா வரை எல்லாமே கம்பெனிக்குச் சொந்தம். விற்பதற்கென்று ஒரு வீடு அங்கே இன்றுவரை யாருக்கும் இருந்ததில்லை. இதுவும் சத்தியம்தான்.