படத்தில் இருந்த கை

மழையில் வழுக்கிய படிகளில் ருக்குவை இடித்துவிட்டு, "மாஃப் கரோ!" என்று இந்தியில் மன்னிப்புக் கேட்டபடி திரும்பினான் அவன். அதற்குள் அவள் கையிலிருந்த உறை மாட்டுங்கா ஸ்டேஷன் வாசலில், சேற்றுத் தண்ணீரில் மிதந்தது.

"கண்ணு எங்கே இருக்கு உங்களுக்கு? ஐயோ... என் வேலையே போச்சு!"

"தமிழா? பட்டறைக்கு லேட்டாயிட்டுன்னு ஓடியாந்தேன்..." குதித்து எடுத்துக் கொடுத்தான். உள்ளே இருந்த போட்டோ பாழ்.

தேர்தல் நடத்தும் முறைகளைப் பல நாடுகள் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ளும் ஒரு சங்கத்தின் பம்பாய் ஆபீசில் ருக்கு டைப்பிஸ்ட். புதிதாகச் சுதந்திரமடைந்த ஓர் ஆப்பிரிக்க நாடு முதல் தேர்தலுக்குத் தயாராகிறது. ஓட்டுப் போட்டவர் விரலில் மை வைப்பது எப்படி என்று படம் கேட்டிருந்தார்கள். சாயங்காலம் கப்பல்! அவனிடம் இதைச் சொல்லும்போதே, மேனேஜரின் முகத்தை நினைத்து அவளுக்கு அழுகை முட்டியது.

"அழாதீங்க... படத்துக்கு ரெண்டு கைதான வேணும்? நம்மகிட்ட நாலு இருக்குல்லா!"

எதிரே சந்திரமௌலியின் போட்டோ ஸ்டூடியோ. அவர் அப்பாவின் சிநேகிதராயிற்றே... அப்பாவிடம் சொல்லிவிடுவாரோ? வேறு வழியில்லை. படத்தோடு அனுப்பவேண்டிய மாதிரி மைப்புட்டி அவள் பையிலேயே இருந்தது.

அவன் சோப்புப் போட்டுத் தேய்த்தும் கிரீஸ் முழுதாகப் போகவில்லை. "தாராவி லேத் பட்டறைக் கை... பரவால்லையா?"

அவள் விரலை நீட்டினாள். அவன் அதைப் பிடித்து மை வைக்க, சந்திரமௌலி படமெடுத்தார். நிமிர்ந்தாள்... மழை சொட்டும் இமைகளுக்குள் அந்தக் கண்கள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன.

படம் கப்பலேறியது. பெயர் கேட்க மறந்தே போனாள்.

மை மறக்கவில்லை. சாயங்காலத்துக்குள் கன்னங்கரேலென்று ஆகிவிட்டது. புளி, எலுமிச்சை எதற்கும் மசியவில்லை. சந்திரமௌலி வீட்டுக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார்.

அப்பா கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "யாரோட கை அது?"

"தெரியாதுப்பா..."

அவர் நம்பவில்லை. மறுநாளிலிருந்து ஸ்டேஷனுக்குப் போகவும் வரவும் அவரே துணை.

நகம் வளர வளர மை நுனிக்கு நகர்ந்தது. இது போவதற்குள் ஒரு தடவையாவது பார்ப்பேனா...? கடைசிக் கறுப்பையும் வெட்டிய அன்று, தலையணையில் முகம் புதைத்து அழுதாள்.

அந்த வாரமே அந்நாட்டின் தேர்தல் போஸ்டர் வந்தது. புரியாத மொழி எழுத்துக்களுக்கு நடுவே பெரிதாக... அவர்கள் இருவரின் கைகள்! மேனேஜர் அவளுக்கும் ஒன்று கொடுத்தார்.

மறுநாள் அப்பாவுக்குக் காய்ச்சல். தனியாக, போஸ்டரை நெஞ்சோடு அணைத்தபடி அதே படியேறினாள். தூணுக்குப் பின்னால்... அவன்!

"எங்கே போய்ட்டேள் இத்தனை நாளா?"

"தெனமும் இங்கதான் நிக்கேன். நீங்க அப்பாவோட வாரீய... நான் பட்டறைக்காரன், எந்த மொகத்தோட முன்னால வருவேன்? பாத்துட்டுப் போயிருவேன்."

"பாக்கறதுக்கு மட்டும் தைரியமாக்கும்?" போஸ்டரை விரித்துக் காட்டினாள். "உங்க பேர் என்ன?"

"நெல்லையப்பன். எதுக்கு?"

"யாரோட கைன்னு அப்பா கேட்டார். இன்னிக்குப் போய்ச் சொல்லணும்..." மை போன விரலை அவன் முன் நீட்டினாள். "அந்தக் கைதான் எனக்கு வேணும்னும் சொல்லணும்."