முழங்கிய ஹோல்

“நானா, அந்தத் திருப்புளியைக் கீழ வைங்க. இப்பக் கழட்டினா அஸருக்கு முந்திப் பூட்ட ஏலாது.”

றிஸ்லா கெஞ்சினாள். அவளுடைய நானா, அண்ணன் றிம்ஸான், கேட்பதாக இல்லை. தானே பலகை அறுத்துச் செய்த இரண்டு ஒலிபெருக்கிப் பெட்டிகளையும் முறைத்துக்கொண்டிருந்தான்.

“போன கிழமை எவ்வளவு தெளிவாப் பாடிச்சு. இண்டைக்குக் கிணத்துக்குள்ள இருந்து கதைக்கிற மாதிரி இருக்கு. உள்ளுக்க ஏதோ பழுது.”

மாலை அஸர் தொழுகை முடிந்ததும் ஹாசிம் மாமா வருவார். ஆலங்குடாக் கடற்கரையில் விடுதி நடத்துபவர். பிடித்தால் பெட்டிகளை வாங்குவார். பிடிக்காவிட்டால், பெருநாள் கழிந்த கையோடு நானா கொழும்புக்குப் போகவேண்டும், வாப்பாவின் தம்பி, சாச்சாவின் துணிக்கடையில் வேலைக்கு. வாப்பா முடிவாகச் சொல்லிவிட்டார்.

நானா இல்லாத வீட்டை றிஸ்லாவால் நினைக்கவே முடியவில்லை.

“உங்கட போனைத் தாங்க நானா. அளந்து பார்ப்பம்.”

ஓசையை அளக்கும் செயலி அதில் இருந்தது. றிஸ்லா வீட்டின் முன்கூடமான ஹோலின் நடுவில் நின்று கையைத் தட்டினாள். போனில் ஒரு கோடு விருட்டென்று ஏறியது. இறங்கும்போது நீளமாக வாலை இழுத்துக்கொண்டு மெல்ல மெல்ல இறங்கியது.

“நானா, பெட்டி ரெண்டும் இப்ப ஓஃப்லதானே? அப்ப என்ட கைதட்டலும் ஏன் இழுபடுது?”

றிம்ஸானின் கை நின்றது.

றிஸ்லா முற்றத்துக்கு ஓடி அங்கேயும் தட்டினாள். கோடு ஏறிய வேகத்திலேயே இறங்கியது, வாலே இல்லை. நிமிர்ந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். பெருநாளுக்காக உம்மா கழுவிய திரைகளும் பாய்களும் கயிற்றில் சொட்டச்சொட்டத் தொங்கின. மெத்தைகள் வெயில் காய்ந்தன. ஹோலில் இருந்த மெத்தென்ற பொருளெல்லாம் முற்றத்தில்தான் இருந்தது.

“பெட்டியில பழுதில்ல நானா. ஹோல் வெறுமையாக் கிடக்கு. சத்தம் சுவர்ல பட்டுப் பட்டுத் திரும்புது.”

இருவரும் மெத்தைகளை இழுத்துவந்து சுவரோடு நிறுத்தினார்கள். கஞ்சி கிண்டிக்கொண்டிருந்த உம்மா அகப்பையோடு ஓடிவந்தார்.

“ஹோல்ல மெத்தைய நட்டு வெச்சிருக்கு எண்டு வாற மனுசர் ஊரெல்லாம் சொல்லுவாரே.”

“சொல்லட்டும் உம்மா. நானா ஊர்ல இருப்பார்தானே.”

உம்மா திரும்பிப் போனார். வரும்போது இரண்டு தலையணைகள் கொண்டுவந்தார்.

றிஸ்லா மறுபடியும் தட்டினாள். வால் குட்டையாகிவிட்டது. அதற்குள் வாசலில் ஸலாம் கேட்டது.

“என்ன றிம்ஸான், எனக்குப் படுக்கவா இதெல்லாம்?” என்றபடி ஹாசிம் மாமா கதிரையில் அமர்ந்தார்.

நானா பெட்டிகளை இயக்கினான். நபிகளைப் புகழும் கஸீதா ஒலித்தது. ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாகக் கேட்டது. ஹாசிம் மாமா கண்ணை மூடிக்கொண்டார். முடிந்த பிறகும் திறக்கவில்லை. தூங்கிவிட்டாரோ என்று றிஸ்லா எட்டிப் பார்த்தாள்.

“நல்லாத்தான் இருக்கு,” என்றார் கடைசியில். “ஆனா என்ட விடுதியில தரையெல்லாம் மாபிள் கல்லு, சுத்திவரக் கண்ணாடி. அங்கயும் இப்படிப் பாடுமா?”

நானா தங்கையைப் பார்த்தான். ‘ஓம், பாடும்’ என்று சொன்னால் போதும், பெட்டிகள் விலைபோய்விடும். றிஸ்லா ஹாசிம் மாமாவின் பக்கம் திரும்பினாள்.

“பாடாது மாமா, முழங்கும்,” என்றாள்.

நானா தலையில் கை வைத்தான்.

“ஆனா அளந்து பார்த்தா, எங்க திரை போடணும், எங்க பாய் விரிக்கணும் எண்டு தெரியும். நானா வந்து அளப்பார்.”

ஹாசிம் மாமா நெற்றியைத் தடவினார். “அதுவா விசயம்? நான் இவ்வளவு நாளும் பழைய பெட்டியளத்தானே ஏசினேன். சரி, ரெண்டையும் என்ட வேன்ல ஏத்துங்க. நாளைக்கு ரெண்டு பேரும் வந்து அளங்க. வாறவங்க எல்லாரும் சத்தம் சரியில்ல எண்டுதான் சொல்றாங்க. பக்கத்து விடுதிக்காரருக்கும் இதே கரைச்சல்தான்.”

முற்றத்தில் கிழிந்த மீன்வலையைப் பொத்திக்கொண்டிருந்த வாப்பா தலையை நிமிர்த்தவில்லை. “சாச்சாக்குப் போன் எடுத்துச் சொல்லணும்,” என்றார். “இவனுக்கு இங்கயே வேலை இருக்காம்.”

றிஸ்லா நிம்மதியாகப் பின்னால் இருந்த மெத்தையில் சாய்ந்தாள். மெத்தையும் அவளோடு சேர்ந்து சரிந்தது.