அண்ணை கட்டித் தந்த காற்றுக்குழாய்

வடிகட்டியின் தவறான பக்கத்தில் தூசி படிந்திருந்தது.

யசோதினி ஏணியில் நின்றபடி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நடைவழி முகட்டில் இருந்த அகலமான கிறில் தட்டி, வீட்டுக் காற்றை உறிஞ்சிக் குளிரூட்டிப் பெட்டிக்கு அனுப்பும் வாய்; வடிகட்டி அதற்குள். காற்று கீழிருந்து மேலே போகிறது என்பதால் ஊத்தை எப்போதும் கீழ்ப்பக்கத்தில்தான் பிடிக்கும், சாம்பல் நிறத்தில், பூனை மயிர்போல. மாதாமாதம் அதை உருவிக் கழுவிக் காயவைத்துப் பூட்டுகிறவள் அவள்தான். இன்றைக்குக் கீழ்ப்பக்கம் கழுவியது கழுவியபடி இருந்தது. எல்லாம் மேல்பக்கத்தில். அதுவும் உதிர்கிற தூசியாக இல்லை. நடுவில் ஒரு தேத்தண்ணிக் கோப்பையின் வாயளவுக்கு ஈரம் ஊறி, கறுத்து, அமுங்கிப் போயிருந்தது. அந்தப் பக்கம் யாரோ வாயை ஒட்டவைத்து நெடுநாள் மூச்சு விட்டதைப்போல.

வெளியே பாரிஸ் வெந்துகொண்டிருந்தது. புதன்கிழமை, பள்ளிக்கூடம் இல்லாத நாள். மத்தியானமே யன்னல் மரக்கதவுகளை இழுத்துச் சாத்திவிட்டபடியால் வீடு இருட்டாக இருந்தது. பலகைகளின் இடுக்கால் வந்த வெயில் தரையில் கோடு கோடாகக் கிடந்தது. நாலு மாடி கீழே ரூ பெர்தொனே தெருவில் யாரோ கொத்து ரொட்டி அடிக்கிற சத்தமும், அப்பால் லா சப்பலின் இரும்புப் பாலத்தில் மெற்றோ உருளுகிற சத்தமும் சுவர்களுக்குள்ளால் வடிந்து வந்தன. பழகிய சத்தங்கள். அவற்றுக்கு இடையில் முகட்டுக்குள்ளிருந்து ஒரு மணம் இறங்கியது: நனைந்த கரி, பழைய தகரம், அதற்கடியில் கழுவாத தலைமயிர்.

அவள் அண்ணன் உதயனுக்குத் தொலைபேசி எடுத்தாள்.

"அண்ணை, பில்ற்றர் மற்றப் பக்கமா ஊத்தை பிடிச்சிருக்கு."

அந்தப் பக்கம் ஒரு கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

"நீ மாறிப் பூட்டியிருப்பாய்."

"அது ஒரு பக்கமாத்தானே அண்ணை பூட்டுப்படும்."

"சரி, கழுவிப் போடு. சனிக்கிழமை வந்து பாக்கிறன். கெய்னைத் தொடாதை. வேற ஆரையும் தொட விடவும் வேண்டாம்." கெய்ன் என்பது காற்றுக்குழாய்க்கு அவன் வேலையிடத்துப் பிரெஞ்சுப் பெயர். பிறகு, போகிற போக்கில் கேட்பதுபோல, "பிள்ளை எங்கை?" என்றான்.

"படுத்திருக்கிறாள்."

"தன்ரை அறையிலையோ?"

"ஓம்."

"நல்லது. அங்கையே படுக்கட்டும். அங்கைதான் குளிர் கூட."

சீதனமாக வந்த வீடு அது. ஊரில் பெண்பிள்ளைக்குக் கொடுக்க இருந்த வீடு போரில் போய்விட்டது. தங்கச்சிக்கு வெறுங்கையோடு கல்யாணம் செய்து வைக்க உதயன் விரும்பவில்லை. தானும் மனைவி கோசலையும் மகன் தனூஜனும் இருந்த இந்த வீட்டை அவள் பெயருக்கு மாற்றிவிட்டு, அவர்கள் பாரிஸுக்கு வெளியே கார்ஜ் லே கொனெஸில் தொடர்மாடி ஒன்றுக்குப் போனார்கள். சீதன வீட்டைத் தட்டிப் பார்த்து வாங்கும் பழக்கம் நம்மிடம் இல்லை. தருகிறவன் கூடப்பிறந்தவன், அவனிடம் குறை கேட்டால் நாக்கு அழுகும்.

கொடுப்பதற்கு முதல் குளிரூட்டி பூட்டித் தருகிறேன் என்று அவனே நின்றான். கட்டடங்களுக்குக் காற்றுக்குழாய் அடிப்பது அவன் தொழில். மடிகிற வெள்ளிக் குழாய் போட்டால் மெல்லியதாக முகட்டுக்குள் அடங்கும் என்று யசோதினி சொல்லிப் பார்த்தாள். அவன் கேட்கவில்லை. அது கிழியும், எலி ஓட்டை போடும், உள்ளே ஊத்தை தங்கும், துப்பரவாக்க ஏலாது என்றான். துத்தநாக முலாம் பூசிய தகரத்தைத் தானே வெட்டி மடித்து, பெட்டி பெட்டியாகக் குழாய் செய்தான். அதை மறைக்கப் பலகை அடித்ததில் முகடு இரண்டு முழம் இறங்கிவிட்டது. "பெரிய குழாயெண்டால் காத்து சத்தம் போடாது" என்றான். தகரம் கீறிய கைகளில் இரத்தத்தோடு அவன் சோறு தின்றதைப் பார்த்து, இப்படி ஒரு அண்ணன் ஆருக்குக் கிடைக்கும் என்று அவள் அழுதிருக்கிறாள். அதற்குப் பிறகும் வருசத்துக்கு ஒருமுறை அவனே வந்து குழாயின் உள்பக்கம் துடைப்பான். தூசி பிள்ளைக்கு ஆகாது என்று அவர்களைக் கடைத்தெருவுக்கு அனுப்பிவிட்டுத்தான் துடைப்பான். கோசலை அண்ணி மட்டும் வீடு கைமாறிய பிறகு இந்த வீட்டுப் படி ஏறியதில்லை. முழங்கால் நோ என்பாள்.

யசோதினி கழுவிய வடிகட்டியைப் பூட்டினாள். இயந்திரத்தை நிறுத்தினாள். பெட்டியின் முனகல் அடங்கியது. மகளின் அறைக்குள் எட்டிப் பார்த்தாள். ஐந்து வயது ரூபிகா, தலையணையைக் கால்மாட்டுக்கு மாற்றிப் போட்டு, முகட்டுக் கிறிலுக்கு நேர் கீழே முகத்தை வைத்து நித்திரையாயிருந்தாள். யசோதினி உள்ளே போய்க் கிறிலுக்குக் கீழே கையை நீட்டினாள். இயந்திரம் நின்றபிறகும் அங்கிருந்து குளிர் இறங்கிக்கொண்டிருந்தது. கொஞ்சம் வரும். நிற்கும். பிறகும் கொஞ்சம் வரும்.

சனிக்கிழமை வரைக்கும் இருக்க அவளால் முடியாது. கணவன் தவசீலன் நகரத்தின் மறுகரையில் ஓர் உணவகச் சமையலறையில் வேலையில் நிற்கிறான், வர நேரமாகும். கீழே நகைக்கடையில் குளிரூட்டி திருத்திக்கொண்டிருந்த மடுத்தீனை மேலே கூப்பிட்டாள். பாசையூர்க்காரர், முந்தி உதயனின் கீழ் வேலை செய்தவர்.

"உங்கடை அண்ணை கண்டால் என்னைக் கறி வைப்பார் தங்கச்சி" என்றபடி நுழைந்தார். "பெரிய டொக்டர் பாக்கிற வருத்தத்துக்குப் பரியாரியைக் கூப்பிட்ட மாதிரிக் கிடக்கு."

"ஒருக்கா உள்ளுக்கை பாத்தால் காணும் அண்ணை. எலி கிலி இருக்கோ எண்டு."

ஏணியில் ஏறி, நடைவழி முகட்டில் வடிகட்டிக்குப் பக்கத்தில் இருந்த குழாயின் துப்பரவுக் கதவைக் கழற்றித் தலையை உள்ளே விட்டார். அவருடைய குரல் தகரத்துக்குள் பெரிதாகக் கேட்டது.

"இதென்ன, ஆசுப்பத்திரிக்கு அடிச்ச குழாயை இஞ்சை கொண்டந்து பூட்டியிருக்கிறார். இந்த வீட்டுக்கு என்ரை கைமொத்தம் காணும்."

"பெரிசெண்டால் சத்தம் வராதாம்."

"அது உண்மைதான். காத்து ஆறுதலாப் போகும். ஆனால் இதுக்குள்ளாலை நான் போகலாம் தங்கச்சி, இந்த வண்டி வயித்தோடை." சிரித்துக்கொண்டே கைவிளக்கை அடித்தார். "மற்ற அறையளுக்குச் சின்னக் குழாய்தான் போகுது. பெட்டியிலையிருந்து வருது, சரி. இந்தப் பெரிசு பெட்டிக்கே போகேல்லையே. பெட்டியைத் தாண்டிப் போய்ச் சுவருக்குள்ளை..."



விளக்கு வெளிச்சம் நெடுநேரம் ஒரே இடத்தில் நின்றது. பிறகு அவர் இறங்கினார். முகத்தில் சிரிப்பு இல்லை.

"ஏறிப் பாருங்கோ" என்றார். "நான் சொன்னால் பொய்யெண்டுவியள்."

அவள் ஏறினாள். அண்ணன் வருசாவருசம் துடைப்பதாகச் சொன்ன குழாயின் பக்கச் சுவர்களில் தூசி விரல்மொத்தத்துக்குத் தொங்கியது. அடித்தளத்தில் ஒரு பொட்டுத் தூசி இல்லை. மெற்றோப் படிக்கட்டின் கைபிடிபோல, எத்தனையோ தரம் உடம்பு உரசிப் போய் வந்து, தகரம் வெள்ளையாகத் தேய்ந்து மினுங்கியது. ஒரு பக்கம் அது பெட்டியைத் தாண்டி, கட்டடத்தின் பழைய புகைபோக்கிக்குள் திறந்து கிடந்தது. அந்த இருட்டுக்குள் விளக்கு எட்டவில்லை. மறுபக்கம் நேராக மகளின் அறைக்குப் போய், கிறிலில் முடிந்தது. கிறிலின் இடுக்குகளால் கட்டிலின் பூப்போட்ட விரிப்பு தெரிந்தது.

"ஆணியைப் பாருங்கோ" என்றார் மடுத்தீன், கீழே நின்று.

கிறிலின் நாலு மூலையிலும் திருகாணித் தலைகள். உள்பக்கம்.

"கீழை நிண்டு அதைக் கழட்டேலாது. உள்ளுக்கை இருக்கிற ஆள்தான் கழட்டலாம்."

"அண்ணை மறந்துபோய் மாறி..."

"நான் அவரோடை வேலை செய்தனான். உங்கடை அண்ணை மறந்து ஒரு ஆணி போடமாட்டார்."

அவள் இறங்கினாள். கால் ஏணிப்படியைத் தேடியது. அவள் கல்யாணத்துக்கு முதலே அடித்த குழாய் அது. அப்போது அந்த அறையைக் காட்டி, 'இது பிள்ளையளுக்கு விடு' என்று அண்ணன் சொன்னது நினைவுக்கு வந்தது. வெட்கத்தில் அவள் தலையைக் குனிந்துகொண்டது நினைவுக்கு வந்தது.

"மூடித் தாங்கோ அண்ணை. இப்பவே மூடுங்கோ."

"மூடலாம். மூட முதல் உள்ளுக்கை ஒண்டும் இல்லையெண்டு பாக்கவேணும்." அவர் நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டார். "நான் பாக்கமாட்டன் தங்கச்சி. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வெளிக்கிடுங்கோ."

கருவிப்பையைத் தூக்கிக்கொண்டு போனார். படிகளில் அவருடைய சப்பாத்துச் சத்தம் ஓட்டமாக மாறியது.

யசோதினி திரும்பவும் உதயனுக்கு எடுத்தாள். எடுத்தது கோசலை.

"அண்ணி, அண்ணையைக் கூப்பிடுங்கோ. இந்தக் குழாய்..."

"திறந்து பாத்திட்டீரோ?"

கோசலையின் குரலில் அதிர்ச்சி இல்லை. இந்தக் கேள்விக்காக வருசக்கணக்காகக் காத்திருந்த குரல்.

"என்ன அண்ணி அது?"

"என்னெண்டு எங்களுக்கும் தெரியாது யசோ. அந்த அறையிலை எங்கடை தனூஜன் படுத்தவன். புகைபோக்கிச் சுவருக்குள்ளாலை அவனைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. கார்ஜுக்கு வந்தும் அவன் விடிய விடிய முகட்டைப் பாத்துக்கொண்டு கிடந்தவன். எலும்பும் தோலும். உமக்கு அது தெரியும்தானே. வயித்துக் கோளாறு எண்டு உமக்குச் சொன்னனாங்கள்." அவள் மூச்சு வாங்கினாள். "உம்முடைய பிள்ளை பிறந்த மாசம்தான் அவன் முதல்முதலா விடியும்வரை நித்திரை கொண்டவன்."

நடைவழியில் கோடு கோடாகக் கிடந்த வெயிலை யசோதினி பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணைக்குத் தெரியுமோ?"

"அதுக்கு வழி வேணும் எண்டவர். வழி வடிவா இருந்தால் அது வேற இடம், வேற பிள்ளை தேடாது எண்டவர்."

பிறகு கோசலை தொலைபேசியைக் கைமாற்றினாள். உதயனின் மூச்சு கேட்டது. அவன் இவ்வளவு நேரமும் பக்கத்தில்தான் நின்றிருக்கிறான்.

"யசோ" என்றான். "எனக்கும் ஒரு பிள்ளைதானே இருக்கு."

தலைக்கு மேலே தகரம் டொக் என்றது.

பாரம் ஏறினால் மெல்லிய தகரம் குழியும். பாரம் நீங்கினால் மீளும். டொக். பிறகு கொஞ்சம் தள்ளி, டொக். புகைபோக்கிப் பக்கம் இருந்து வந்தது. நடைவழியைக் கடந்தது. அவசரம் இல்லாமல், நாளாந்தம் வேலைக்குப் போகிறவன் நடக்கிற மாதிரி. அவளுக்கு நேர் மேலே ஒருமுறை நின்றது. திறந்து கிடந்த துப்பரவுக் கதவால் குளிர் அவள் உச்சியில் விழுந்தது. அவள் நிமிரவில்லை.

டொக்.

மகளின் அறைப்பக்கம்.

தொலைபேசி கையிலிருந்து விழுந்தது. ஓடினாள். அறை இருட்டு. கட்டிலில் விரிப்புக்குள் ஒரு சுருண்ட உருவம். எங்கோ தரையில் ஓர் ஆணி உருண்டு ஓய்ந்தது. கட்டிலுக்கடியில் ஏதோ சின்னதாக ஒடுங்கியது. மேலே பார்க்கக்கூடாது. விரிப்போடு சேர்த்து அள்ளினாள். சின்னக் கைகள் அவள் கழுத்தைச் சுற்றிப் பிடித்தன. "ஒண்டுமில்லை, ஒண்டுமில்லை, அம்மா இருக்கிறன்." வாசல். படிகள். செருப்பு இல்லை. மூன்றாம் மாடி. இரண்டாம் மாடி. கால் வழுக்கியது. சுவரில் தோள் உரசித் தோல் போனது. நிற்கவில்லை. கீழ்க் கதவு.

தெரு.

வெயில் முகத்தில் அடித்தது. சனம். வாழைப்பழப் பெட்டிகள். நகைக்கடை வாசலில் சிகரெட் பிடிக்கிற பையன்கள். எண்ணெய் மணம், பேச்சு, சிரிப்பு. அவள் நடுத்தெருவில் நின்று மூச்சு வாங்கினாள். வந்துவிட்டோம். பிள்ளையை இறுக்கினாள். பிள்ளையும் இறுக்கியது. அவளுடைய தோளில் முகம் புதைந்திருந்தது. இந்த வெக்கையிலும் அந்த மூச்சு குளிர்ந்தது. கொஞ்சம் வந்தது. நின்றது. பிறகும் கொஞ்சம் வந்தது.

பையன்களின் சிரிப்பு நின்றது. ஒவ்வொருவராக மேலே பார்த்தார்கள்.

எதிர்ச் சேலைக்கடை தில்லைநாயகி அக்கா வாசலுக்கு வந்து, கையை நெற்றியில் வைத்து வெயிலை மறைத்து, நாலாம் மாடி யன்னலை அண்ணாந்து பார்த்தாள். அங்கே யாரோ உள்ளேயிருந்து மரக்கதவைத் தள்ளித் தட்டினார்கள். பிறகு அழுகை கேட்டது. பிரெஞ்சில், அம்மாவைக் கூப்பிட்டு, விக்கி விக்கி.

"தங்கச்சி" என்றாள் தில்லைநாயகி. "மேலை நிண்டு கத்துறது உம்மடை பிள்ளையெல்லோ?"

யசோதினி அசையவில்லை. அவளால் ஏலவில்லை. கழுத்தைச் சுற்றியிருந்த கைகள் இன்னும் கொஞ்சம் இறுகின.

தோளில் இருந்த தலை மெல்ல எழுந்தது. யன்னலைப் பார்க்க.