குண்டம்மாவின் வலது எஞ்சின்

ரயில் பாலத்தின் தூண்களுக்கு நடுவே வரும்போதுதான் குண்டம்மாவின் வலது எஞ்சின் நின்றுபோனது.

குண்டம்மா என்றால் ஆள் இல்லை, படகு. பள்ளிப் பிள்ளைகளையும் வேலைக்குப் போகிறவர்களையும் ஆற்றைக் கடத்திவிடும் அகலமான நீலப் படகு. அதற்கு இரண்டு எஞ்சின்கள். ஒன்று நின்றுவிட்டால் மற்றது படகை ஒரு பக்கமாகத் தள்ளும். அன்றைக்கு ஆற்றில் இழுப்பு வேறு அதிகம். படகு மெல்லத் திரும்பி, நேராகத் தூணைப் பார்த்துப் போக ஆரம்பித்தது.

"யாரும் எழுந்திரிக்காதீங்க! அப்படியே உட்காருங்க!" என்று மிளகின் அம்மா கத்தினார். படகை ஓட்டுவது அவர்தான். ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்துப் பிடித்துக்கொண்டார். தூண் கைக்கெட்டும் தூரத்தில் கடந்து போனது. முன் வரிசையில் இருந்த குட்டிப் பையன் ஓவென்று அழத் தொடங்கிவிட்டான்.

மிளகுக்கும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் படகு ஓட்டுகிறவர் மகளே படகில் அழுதால் நன்றாகவா இருக்கும்? பல்லைக் கடித்துக்கொண்டாள். அவளுக்குப் பத்து வயது. ஆள் சிறியது, வாய் பெரியது. வீட்டில் அந்தப் பெயர் வைத்ததற்கு அதுதான் காரணம்.

வலது எஞ்சின் மக்கர் பண்ணுவது இது முதல் தடவை இல்லை. போன விடுமுறைக்குப் பிறகு இதே தொல்லைதான். வேகத்தைக் கூட்டினால் போதும், சூடு காட்டும் முள் விறுவிறுவென்று சிவப்புக்கு ஏறிவிடும். மாமா எண்ணெய் மாற்றிப் பார்த்தார். பம்பைக் கழற்றிப் பார்த்தார். திட்டியும் பார்த்தார். எஞ்சின் எதற்கும் மசியவில்லை.

"ரெண்டையும் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கிடுவோம்க்கா," என்றார் மாமா அன்று சாயங்காலம். மாமா அம்மாவின் தம்பி. படகுக்கு மெக்கானிக். புது எஞ்சின் மேல் அவருக்கு ரொம்ப நாளாகவே ஒரு கண். "வயசான எஞ்சினுக்கு எவ்வளவுதான் வைத்தியம் பார்க்கிறது?"

"இடது எஞ்சினுக்கும் அதே வயசுதானே? அது ஒழுங்காத்தானே ஓடுது?" என்றார் அப்பா.

"இன்னைக்கு ஓடுது மச்சான். நாளைக்கு அதுவும் பாலத்துக்கு அடியில நின்னுட்டா?"

எல்லோரும் அம்மாவைப் பார்த்தார்கள்.

"ஊரார் பிள்ளைங்களை வச்சுக்கிட்டு விளையாட முடியாது," என்றார் அம்மா. "மாத்திடலாம்."

"அப்படின்னா நான் கப்பலுக்குப் போறேன்," என்றார் அப்பா.

சரக்குக் கப்பலில் சமையல் வேலை. போனால் இரண்டு வருஷம் கழித்துத்தான் வீட்டுக்கு வர முடியும். கப்பல் ஏறியதும் கிடைக்கும் முன்பணத்தை விட்டால் எஞ்சின் வாங்க வேறு வழியும் இல்லை.

"நீங்க சமைக்கிறதா? கப்பல்காரங்க பாவம் மச்சான்," என்றார் மாமா. யாரும் சிரிக்கவில்லை. 'போக வேண்டாம்' என்றும் யாரும் சொல்லவில்லை. அதுதான் மிளகுக்குத் தாங்கவே முடியவில்லை.

சனிக்கிழமை குண்டம்மாவைக் கரையில் சரிவு மேடை மேல் இழுத்து நிறுத்தினார்கள். எஞ்சின்களைத் தூக்கக் கிரேன் வந்துவிட்டது. அப்பாவின் பை வீட்டு வாசலிலேயே தயாராக இருந்தது. சாயங்காலம் பஸ்.

அப்பா படகின் தரைப்பலகைகளைக் கழற்றிக்கொண்டிருந்தார். மாமா சங்கிலிகளோடு இங்கும் அங்கும் ஓடினார். ஓடும் வழியில் எல்லாம் மிளகு நின்றாள்.

"ஏய், காலுக்குள்ள காலுக்குள்ள வராதே! அந்தப் பக்கம் போ!"

மிளகு போனாள். குண்டம்மாவின் வயிற்றுக்கு அடியில் புகுந்துகொண்டாள். அது அவளுக்குப் பழகிய இடம்தான். போன விடுமுறையில் அடிப்பாகத்துக்குப் பெயின்ட் அடித்தபோது இடது பாதி அப்பாவுக்கு, வலது பாதி அவளுக்கு. இங்கே அழுதால் யாருக்குத் தெரியப்போகிறது? மல்லாந்து படுத்துக்கொண்டு ஆசை தீர அழுதாள்.

அழுது முடித்துக் கண்ணைத் துடைத்தபோது, தலைக்கு மேலே இடது பக்கத்தில் ஒரு தகடு தெரிந்தது. உள்ளங்கை அகலம். சல்லடை போல நிறைய ஓட்டைகள். அதன் வழியாகத்தான் ஆற்றுத் தண்ணீர் உள்ளே போய் எஞ்சினின் சூட்டைத் தணிக்கும்.

வலது பக்கத்திலும் அதே மாதிரித் தகடு இருந்தது. ஆனால் ஓட்டைகள் எங்கே?

மிளகு விரலால் தடவிப் பார்த்தாள். வழவழவென்று இருந்தது. தடித்த நீலப் பெயின்ட். ஓரத்தில் மட்டும் இரண்டு மூன்று ஓட்டைகள் தப்பிப் பிழைத்திருந்தன.

"ஒரு பொட்டு இடம் விடக்கூடாது" என்று அப்பா சொல்லியிருந்தார். அவள் ஒரு பொட்டு இடம்கூட விடவில்லை!

அப்படியென்றால், அத்தனை பேரையும் தூணில் மோத விடப் பார்த்தது அவள்தானா? அந்தக் குட்டிப் பையனை அழ வைத்தது அவள்தானா? வெளியே சொன்னால் இனி யார் அவளை நம்பிப் படகைத் தொட விடுவார்கள்? பேசாமல் இருந்துவிட்டால்? அப்பா கப்பலுக்குப் போவார். புது எஞ்சின் வரும். அதற்கும் தண்ணீர் கிடைக்காது. அதுவும் பாலத்துக்கு அடியில் நிற்கும்.

மேலே சங்கிலி கலகலத்தது. "தூக்கலாமா?" என்று கிரேன்காரர் குரல் கொடுத்தார்.

"தூக்கிடுங்க!" என்றார் மாமா.

"வேண்டாம்! நிறுத்துங்க!" மிளகு எழுந்த வேகத்தில் தலை படகில் இடித்தது. அதைத் தடவக்கூட நேரமில்லாமல் தவழ்ந்து வெளியே வந்தாள். "எஞ்சின் மேல தப்பில்ல. தப்பு என் மேலதான். ஓட்டையை எல்லாம் நான் பெயின்ட் வச்சு அடைச்சுட்டேன்!"

மாமா நம்பவில்லை. தானே பார்க்கிறேன் என்று அடியில் நுழைந்தார். பாதி உடம்பு உள்ளே போனது, மீதி போக மறுத்தது. இரண்டு கால்கள் மட்டும் வெளியே உதைத்துக்கொண்டிருந்தன.

"அக்கா! ஓரத்துல ரெண்டு மூணைத் தவிர ஒரு ஓட்டையையும் காணோம்க்கா!" என்று உள்ளிருந்து குரல் வந்தது. "பம்பைப் பார்த்தேன், குழாயைப் பார்த்தேன். இதைப் பார்க்காம விட்டுட்டேனே! சரி, என்னை வெளியே இழுங்க!"

அப்பா மாமாவை இழுக்காமல் மிளகையே பார்த்தார். "அடிக்கிறதுக்கு முன்னாடி நீ சோப்பு வைக்கலையா?"

"சோப்பா? என்ன சோப்பு?"

"ஓட்டையில சோப்பை வச்சு அழுத்திட்டுத்தான் பெயின்ட் அடிக்கணும். காஞ்சதும் குச்சியால குத்தி எடுத்துடணும்..." அப்பாவின் குரல் தேய்ந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "நான் உனக்குச் சொல்லவே இல்லையே! வருஷா வருஷம் கை பாட்டுக்குச் செஞ்சிடும். சொல்லணும்னே தோணல."

அம்மா முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை. மிளகின் முன்னால் வந்து குனிந்தார்.

"எஞ்சின் நின்னதுக்கு இதுதான் காரணம்னு உனக்கு நிச்சயமாத் தெரியுமா?"

'தெரியும்' என்று சொல்லிவிட்டால் போதும், அப்பா பஸ் ஏற வேண்டாம். அந்த வார்த்தை நாக்கு நுனி வரை வந்தும் விட்டது. ஆனால் திங்கட்கிழமை அந்தக் குட்டிப் பையன் மறுபடி முன் வரிசையில் வந்து உட்காருவானே!

"தெரியாதும்மா," என்றாள் மிளகு. "ஓட்டிப் பார்த்தாத்தான் தெரியும்."

அம்மா தலையாட்டினார். "கொஞ்ச நேரம் பொறுத்துக்கோங்க அண்ணே," என்றார் கிரேன்காரரிடம்.

"எனக்கு வேற வேலை வெட்டியே இல்லைன்னு நினைச்சீங்களா?" என்று முணுமுணுத்தபடி அவர் கிரேன் நிழலில் போய் உட்கார்ந்தார்.

மாமாவைக் காலைப் பிடித்து வெளியே இழுத்தார்கள். மிளகு மறுபடி அடியில் நுழைந்து ஒவ்வொரு ஓட்டையாகக் குத்தித் திறந்தாள். சங்கிலிகளைக் கழற்றி, தரைப்பலகைகளை மாட்டியதும் குண்டம்மா தண்ணீரில் இறங்கியது. எல்லோரும் மிதவைச் சட்டை மாட்டிக்கொண்டார்கள்.

"நீ முள்ளைப் பார்த்துச் சொல்லு," என்றார் அம்மா. "இருக்கிறதை இருக்கிற மாதிரி சொல்லணும்."

படகு இழுப்பை எதிர்த்து முழு வேகத்தில் பாலத்தை நோக்கிப் பாய்ந்தது. எஞ்சின் இரைச்சலில் காது அடைத்தது.

"முள் ஏறுதா?"

"ஏறுதும்மா." முள் பாதியைத் தாண்டியது. அப்பா அவள் தோளைப் பிடித்துக்கொண்டார். தூண்கள் பெரிதாகிக்கொண்டே வந்தன.

"இப்ப?"

"இன்னும் ஏறுது... இல்ல, இரும்மா. நிக்குது."

"நல்லாப் பாரு!"

"நிக்குதும்மா! அங்கேயே நிக்குது!"

தூண்கள் இரண்டு பக்கமும் சரசரவென்று பின்னால் போயின. மாமா விசிலடித்தார். அம்மா படகைத் திருப்பி அதே வழியில் மறுபடி ஓட்டினார். அப்புறம் இன்னொரு தடவை.

"போதும்க்கா! அதான் சரியாயிடுச்சே!"

"உனக்குப் போதும். எனக்குப் போதாது," என்று அம்மா மேலும் ஒரு சுற்றுப் போனார். முள் அசையவே இல்லை.

கரைக்குத் திரும்பியபோது கிரேன்காரர் இடுப்பில் கைவைத்து நின்றிருந்தார். "எஞ்சினைத் தூக்கணுமா, வேண்டாமா? ஒரே பேச்சாச் சொல்லுங்க!"

"வேண்டாம்," என்றார் அம்மா. மாமாவின் முகம் மட்டும் ஒரு முழம் தொங்கிப்போனது.

அப்பா செல்போனை எடுத்தார். "கப்பல் கம்பெனிங்களா? நான் வரலைங்க... ஆமாங்க, பையெல்லாம் கட்டி வச்சிட்டேன்... காரணமா?"

தலையெல்லாம் நீலப் பெயின்ட் துகளோடு நின்ற மிளகை அவர் பார்த்தார்.

"வீட்டுல ஒருத்தருக்குப் பெயின்ட் அடிக்கக் கத்துக்கொடுத்துக்கிட்டிருக்கேங்க. இன்னும் பாதிதான் முடிஞ்சிருக்கு."