இறங்கிய புள்ளி

தபால்காரர் போட்டுவிட்டுப் போன கடிதத்தைச் சிந்துதான் எடுத்தாள். உறையில் அவள் அம்மா சீதாவின் பெயர் இருந்தது.

அம்மா இறந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது.

"அப்பா, கைசர் ஜஹான் ஆன்ட்டி எழுதியிருக்காங்க."

அப்பா மாணிக்கவாசகம் உறையைப் பார்த்தார். "அலமாரியில வச்சிடும்மா," என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போனார். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. அழுகை வந்தால் அப்பா பாத்திரம் கழுவுவார். அந்தக் கோட்டூர்புரம் வீட்டில் பாத்திரங்கள் இவ்வளவு பளபளத்ததே இல்லை.

கைசர் ஆன்ட்டி அம்மாவோடு கல்லூரியில் படித்தவர். இப்போது ஏதோ ஒரு தீவில் காற்றை அளக்கும் வேலை. பழைய ஃபிரிட்ஜ்களிலிருந்து கசியும் வாயு ஒன்று மேலே போய், வெயிலில் உள்ள தீங்கான கதிர்களிலிருந்து நம்மைக் காக்கும் ஓசோன் படலத்தை அரிக்கிறது. அந்த வாயுவைக் குறைக்க உலக நாடுகள் ஒப்புக்கொண்டிருந்தன. குறைகிறதா என்று ஆன்ட்டி அளந்து, ஜனவரிதோறும் அம்மாவுக்கு எழுதுவார். அம்மா அதை வரைபடத் தாளில் புள்ளியாக வைப்பார். 1994 வரை எல்லாப் புள்ளியும் ஏறிக்கொண்டேதான் போனது.

"எப்பம்மா இறங்கும்?" என்று போன வருடம் கேட்டாள் சிந்து.

"இறங்கும். ரெண்டு பேரும் சேர்ந்தே பார்ப்போம்," என்றார் அம்மா.

சிந்து கடிதத்தை அலமாரியில் வைக்கவில்லை.

"அப்பா, அம்மா இல்லைன்னு ஆன்ட்டிக்குத் தெரியாது. பதிலுக்குக் காத்துட்டிருப்பாங்க. நான் படிக்கட்டுமா?"

குழாய் நின்றது. "படி."

"சீதா, முதல் தடவையாகக் குறைந்திருக்கிறது! கொஞ்சம்தான். மூன்று முறை சரிபார்த்துவிட்டேன். உனக்குத்தான் முதலில் சொல்கிறேன்."

சிந்து அம்மாவின் வரைபடத் தாளை விரித்து, கடிதத்தில் இருந்த அளவுக்குப் புள்ளி வைத்தாள். போன வருடப் புள்ளிக்கு ஒரு நூல் கீழே.

"அம்மா பார்க்கலையேப்பா!"

அப்பா ஈரக் கையோடு வந்து தரையில் உட்கார்ந்தார். இருவரும் கட்டிக்கொண்டு அழுதார்கள்.

பதில் எழுத அப்பாவால் முடியவில்லை. பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தார். "நான் எழுதறேன்ப்பா," என்று சிந்து வாங்கிக்கொண்டாள்.

மூன்று வாரம் கழித்துத் தொலைபேசி ஒலித்தது. ஆன்ட்டிதான். விசும்பல் மட்டும் கேட்டது. சிந்து பொறுமையாகக் காத்திருந்தாள்.

"புள்ளியை வச்சிட்டியா, கண்ணு?"

"வச்சிட்டேன் ஆன்ட்டி. அடுத்த வருஷமும் வைக்கணும். அளவை யாருக்கு எழுதுவீங்க?"

"உனக்குத்தான்," என்றார் ஆன்ட்டி.